மூச்சும் நடையும்: தங்கவயல் முதியோரின் உடல்நலம்

"உழைத்து ஓய்ந்த உடம்பு, இனியாவது உட்கார்ந்து சாப்பிடட்டும்" என்று வயது சென்ற தாய் தந்தையரைப் பற்றிப் பிள்ளைகள் கூறுவதை நம் வீடுகளில் அடிக்கடி கேட்கிறோம். அன்பினால் எழும் சொல் அது; அதில் ஐயமில்லை. ஆயினும் முதுமையில் உடல் விரைந்து தளர்வதற்குரிய பெருங்காரணங்களுள் ஒன்று அந்த உட்கார்ந்திருத்தலே என்பதை மருத்துவ நூலோர் இன்று ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டியிருக்கின்றனர். இவ்வுண்மையைக் கோலார் தங்கவயலில் வாழும் நம் மக்களைக் கொண்டு விளக்குவது பொருத்தம் என்று கருதுகிறோம். ஏனெனில், தமிழர் குடியேறிய ஊர்களுள் அவ்வளவு கடுமையாக உழைத்த ஊரும், அவ்வளவு திடீரென்று உழைப்பு நின்றுபோன ஊரும் வேறு எளிதில் காணக்கூடியன அல்ல.

1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே பொன் எடுக்கும் தொழிலில் இறங்கினர். வட ஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ் மக்கள் குடும்பம் குடும்பமாகச் சென்று மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப்ஸ், உரிகம், ஆண்டர்சன்பேட்டை என்று ஊர் ஊராக நிறைந்தனர். 1902இல் சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் வந்தது. சுரங்கங்கள் மேலும் மேலும் ஆழ்ந்து, சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. 1956இல் சுரங்கங்கள் மைசூர் அரசாங்கத்தின் உடைமையாயின. பின்னர் மத்திய அரசாங்கத்தின் கைக்கு மாறின. 1972 முதல் பாரத் கோல்டு மைன்ஸ் என்னும் நிறுவனமாக நடந்து, 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. அதற்குள் எண்ணூறு டன்னுக்கு மேற்பட்ட பொன் வெளிவந்துவிட்டது. அன்று நாற்பது வயதாயிருந்த தொழிலாளி இன்று அறுபதைக் கடந்தவர். ஐம்பது வயதாயிருந்தவர் எழுபதைத் தாண்டிவிட்டார். நம் பேச்சு இவர்களைப் பற்றியது. இவர்களுடைய மனைவியரைப் பற்றியது. பெங்களூரிலும் பம்பாயிலும் வேறு நகரங்களிலும் இவர்களைப் போலவே உடலுழைப்பில் நாள் கழித்து முதுமை எய்திய தமிழர் அனைவரையும் பற்றியது.

சுரங்கம் நடந்த காலத்தில் ஊரின் கடிகாரம் சங்குதான். சங்கு ஊதினால் ஒரு ஷிப்டு இறங்கும். மறுபடி ஊதினால் ஒரு ஷிப்டு ஏறும். எழுவதும் உண்பதும் உறங்குவதும் அந்த ஒலியை ஒட்டியே நடந்தன. இன்ன நேரத்தில் எழுந்து இவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று எவரும் தமக்குத் தாமே விதி வகுத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. அதைக் கம்பெனி வகுத்திருந்தது. சங்கு நின்றபோது சம்பளம் மட்டுமா நின்றது? நாளின் ஒழுங்கும் நின்றது. லைன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தவர் அமர்ந்தபடியே இருந்துவிட்டார். பிள்ளைகளோ விடியுமுன் ரயிலேறி, நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். பகல் முழுவதும் முதியவர் தனியே இருக்கிறார். இந்நிலையில் உடல் என்னவாகும் என்பதை அறியவேண்டுமானால், சுரங்கம் அவ்வுடலை முன்பே என்ன செய்திருந்தது என்பதை அறிந்தாக வேண்டும்.

பூமிக்குள் இறங்க இறங்க வெப்பம் மிகும். சாம்பியன் ரீஃபின் அடித்தளத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியஸுக்கு மேல் இருந்தது. குளிர்காற்றை மேலிருந்து செலுத்தினால்தான் மனிதர் அங்கே நிற்க முடியும். ஆனால் வெப்பத்தினும் கொடிது தூசி. கோலாரில் பொன் தனியே கிடைப்பதன்று. வெண்கல் பாறையின் நரம்புகளில் கலந்து கிடப்பது. அந்தப் பாறையில் சிலிக்கா மிகுதி. துளைத்து, வெடிவைத்து, உடைக்கும்போது எழும் தூசியில் கண்ணுக்குத் தெரிவன மூக்கிலும் தொண்டையிலும் தங்கி, சளியோடு வெளியேறிவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களே நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை செல்வன. அவற்றை விழுங்கி அழிக்க முயலும் காவல் அணுக்கள் தாமே அழிகின்றன. அழிந்த இடத்தில் வடு விழுகிறது. காற்றறை சுருங்கி விரியும் தன்மையை இழக்கிறது. இதுவே சிலிக்கோசிஸ். 1940களில் தங்கவயல் தொழிலாளர் ஏழாயிரத்துக்கு மேற்பட்டவர்களைச் சோதித்தபோது, நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோரிடம் இந்நோயின் அடையாளம் காணப்பட்டது. 1965இல் இதே சாம்பியன் ரீஃபின் ஆழத்தில்தான் வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்னும் நுண்துகளை விஞ்ஞானிகள் முதன்முதலாகக் கண்டறிந்தனர். உலகம் அதைப் போற்றியது. அதே ஆழத்தில் தொழிலாளியின் மார்புக்குள் புகுந்த நுண்துகளைப் பற்றி உலகம் அவ்வளவாகப் பேசவில்லை.

சிலிக்கோசிஸுக்கு மற்றொரு தன்மையும் உண்டு. தூசியிலிருந்து விலகி வந்தபின்னும் வடு வளரக்கூடும். சுரங்கத்தை விட்டு இருபது ஆண்டு சென்றபின் மூச்சு வாங்கத் தொடங்கினால், "வயதாகிவிட்டது" என்று விட்டுவிடுவது தவறு. விழுந்த வடுவைப் போக்கும் மருந்து இன்றுவரை இல்லை என்பது உண்மை. ஆனால் மூச்சுத் திணறல் முழுவதும் வடுவினால் வருவதன்று. அதன் ஒரு பகுதி நாமே வரவழைத்துக்கொள்வது. அது எவ்வாறு எனக் காண்போம்.

நுரையீரல் நலிந்தவர் மேட்டில் ஏறுகிறார், மூச்சு வாங்குகிறது. அச்சம் உண்டாகிறது. மறுநாள் மேட்டை விடுகிறார். சமதரையில் மட்டும் நடக்கிறார். பின்பு கடைக்குப் போவதை விடுகிறார். பிறகு தெருக்கோடி வரை போவதையும் விடுகிறார். சில மாதங்களில் தொடைத் தசையும் கெண்டைக்கால் தசையும் மெலிகின்றன. மெலிந்த தசைக்கு ஒரு குணம் உண்டு. இரத்தம் கொண்டுவரும் பிராணவாயுவை முழுதும் எடுத்துப் பயன்படுத்த அதனால் இயலாது. சிறு வேலைக்கே களைத்து அமிலத்தைக் கக்கிவிடும். அந்த அமிலத்தை உணர்ந்த மூளை, "இன்னும் வேகமாக மூச்சு விடு" என்று கட்டளையிடுகிறது. ஆகவே நேற்று மேட்டில் வாங்கிய மூச்சு இன்று வாசற்படியில் வாங்குகிறது. நோய் முற்றிவிட்டது என்று எண்ணி அவர் இன்னும் அசையாமல் அமர்கிறார். செக்கு மாடு சுற்றுவதுபோலச் சுற்றும் இச்சுழலில் நுரையீரல் இருந்த நிலையிலேயே இருக்கலாம், கெட்டது கால். காலைத் திருத்த முடியும். காலைத் திருத்தினால் மூச்சும் ஓரளவு திருந்தும். நாம் சொல்லவந்தது முழுவதும் இவ்வளவே. மற்றவை இதன் விரிவு.

அசையாமை எத்துணை விரைவில் உடலைக் கரைக்கும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஓர் ஆராய்ச்சியைச் சொல்லலாம். நல்ல உடல்நலமுள்ள முதியோர் சிலரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்தனர். பத்தாம் நாள் அளந்தபோது கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்த கிழவர், காய்ச்சல் நீங்கியபின்னும் எழுந்து நடமாட முடியாமல் தவிப்பது இதனாலேயாம். ஆகவே நோயில் படுத்தாலும், மருத்துவர் தடுக்காவிடில், நாளுக்குச் சிலமுறையேனும் எழுந்து உட்காரவும் நிற்கவும் வேண்டும்.

இதற்கு எதிர்ப்புறத்துச் சான்றும் உண்டு. 1990இல் பாஸ்டன் நகரத்து முதியோர் இல்லத்தில் தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் தசைப் பயிற்சி அளித்தனர். அவர்களுடைய தசைவலிமை இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்தது. கைத்தடியின்றி நடக்கத் தொடங்கியோரும் அவர்களுள் இருந்தனர். தொண்ணூறில் கூடுவது எழுபதில் கூடாதா? லண்டன் பஸ்களைப் பற்றிய ஆராய்ச்சி இன்னும் பழையது. 1953இல் வெளிவந்த அந்த ஆராய்ச்சியில், நாள் முழுதும் உட்கார்ந்து வண்டி ஓட்டியவர்களைவிட, மாடிப் பஸ்ஸின் படிகளில் ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு நோய் குறைவாக இருந்தது. இருவருக்கும் ஒரே ஊர், ஒரே தொழில், ஏறக்குறைய ஒரே ஊதியம். வேறுபாடு படியேறியதுதான்.

இனி, நடக்கும் முறையைக் கூறுவோம். நாள்தோறும் பதினாயிரம் அடி எடுத்து வைக்கவேண்டும் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த எண் மருத்துவர் வகுத்ததன்று. 1960களில் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்க வந்தவர்கள் அதற்குச் சூட்டிய பெயரிலிருந்து பரவியது. 2022இல் பதினைந்து ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 6,000 முதல் 8,000 அடிகளிலேயே பெரும்பயன் கிட்டிவிடுவது தெரிந்தது. அவ்வளவும் இயலாதவர் இருக்கும் நிலையிலிருந்து சற்றே கூட்டினாலும் பலன் உண்டு. வாரத்துக்கு 150 நிமிடம் நடுத்தர வேகத்தில் உடலை இயக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த அளவு. நாள் கணக்கில் சொன்னால் அரை மணி வீதம் ஐந்து நாள்.

அரை மணி என்றதும் மூச்சு வாங்கும் அன்பர்கள் மலைக்கவேண்டாம். ஒரே மூச்சில் நடக்கவேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. முதல் வாரம் ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று முறை, சமதரையில் நடந்தால் போதும். மூச்சு வாங்கினால் நில்லுங்கள், உட்காராதீர்கள். சுவரிலோ வேலிக்கல்லிலோ கையூன்றிச் சற்று முன்சாய்ந்து நின்றால் மூச்சுத் தசைகளின் வேலை எளிதாகும். மூக்கினால் இரண்டு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஊதுகுழலால் அடுப்பை ஊதுவதுபோல உதடுகளைக் குவித்து நான்கு எண்ணும்வரை மெல்ல வெளியே விடுங்கள். உதட்டைக் குவிப்பதனால் உள்ளே சிறு அழுத்தம் தங்கி, சிறு காற்றுக்குழல்கள் சட்டென்று மூடிக்கொள்ளாமல் திறந்து நிற்கின்றன. பழைய காற்று வெளியேறிப் புதிய காற்றுக்கு இடம் உண்டாகிறது. மூச்சு அடங்கியதும் மீண்டும் நடக்கலாம். சில நாட்களுக்கு ஒருமுறை ஓரிரு நிமிடம் கூட்டிக்கொண்டே வந்தால், இரண்டு மூன்று மாதங்களில் தெருக்கோடி எட்டிவிடும். வேகம் சரியா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு: நடக்கும்போது பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. பேசவே முடியாவிடில் வேகம் அதிகம்; பாட முடிந்தால் போதாது.

இதய நோயோ சிலிக்கோசிஸோ உள்ளவர் முதலில் மருத்துவரைக் கேட்டுக்கொண்டே தொடங்கவேண்டும். விரல் நுனியில் மாட்டிப் பிராணவாயுவின் அளவைக் காட்டும் சிறு கருவி இக்காலத்தில் பல வீடுகளில் இருக்கிறது. நடக்கும்போது அது 90க்குக் கீழே இறங்குமாயின் நிறுத்திவிட்டு மருத்துவரைக் காணுங்கள். நெஞ்சுவலி, தலைசுற்றல், உதடு நீலம்பாய்தல், கால் வீக்கம் ஆகியவற்றுக்கும் இதுவே விதி.

எங்கே நடப்பது என்பது தங்கவயலில் சிறு கேள்வியன்று. பொன் எடுத்தபின் எஞ்சிய பாறைமாவு ஊரைச் சுற்றி மலைமலையாகக் குவிந்து கிடக்கிறது. சயனைடு மலை என்று மக்கள் வழங்கும் அம்மேடுகள் மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்டவை. காற்று வீசினால் அந்த மாவு தெருவுக்கும் வீட்டுக்கும் வருகிறது. ஒரு காலத்தில் சுரங்கத்துக்குள் இருந்த தூசி, சுரங்கத்தில் இறங்கியே அறியாத பெண்டு பிள்ளைகளின் மூச்சையும் நாடி வருவதை நினைக்க நமக்கு வருத்தமே மிகுகிறது. ஆகையால் காற்று அடங்கிய வேளையில், மேடுகளுக்கு எதிர்த் திசையில், மரம் உள்ள பாதையில் நடப்பதே நன்று. முகத்தில் கட்டும் கைத்துண்டு மணலைத் தடுக்குமேயன்றி நுண்தூசியைத் தடுக்காது. நுண்தூசிக்கென்று செய்யப்பட்ட முகக்கவசமே தடுக்கும். தங்கவயல் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 2,800 அடி உயரத்தில் இருப்பதால் மார்கழி, தை மாதங்களில் விடியற்குளிர் கடுமை. குளிர்காற்று மூச்சுக்குழலைச் சுருக்கும். வைகறையில் எழுந்து நடப்பதே சிறப்பு என்ற பொதுவிதியை மூச்சு நோயாளர் இங்கே சற்று விலக்கிவைத்து, வெயில் ஏறியபின் நடக்கலாம்.

நடையோடு தசை வலிமைக்கும் உடற்சமநிலைக்கும் பயிற்சி வேண்டும். அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கு வாரத்தில் மூன்று நாளேனும் இவை தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. இதற்குக் கருவிகள் வேண்டியதில்லை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து அமர்தல், சுவரைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக்காலில் பத்து எண்ணும்வரை நிற்றல், குதிகாலை உயர்த்தி நுனிக்காலில் நிற்றல் ஆகியவை போதும். நம்முடைய பழைய வழக்கமாகிய தரையில் அமர்ந்து உண்டு எழுவதும் நல்ல தேகப்பயிற்சியே. பிரேசில் நாட்டில் ஐம்பத்தொன்று முதல் எண்பது வயது வரையுள்ள இரண்டாயிரம் பேரைத் தரையில் அமர்ந்து எழச்செய்து மதிப்பெண் இட்டனர். கையையும் முழங்காலையும் ஊன்றாமல் எழக்கூடியவர்கள், அவ்வாறு எழமுடியாதவர்களைவிட அடுத்த சில ஆண்டுகளில் உயிரோடிருக்கும் வாய்ப்பு அதிகம் என்று 2012இல் வெளியிட்டனர். நகரங்களில் மேசை நாற்காலிக்கு மாறிய நம் குடும்பங்கள் நாளுக்கு ஒருவேளையாவது பாயை விரிக்கலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் மட்டும் வருத்திக்கொள்ளவேண்டாம். அவர்களுக்கு நாற்காலிப் பயிற்சியே போதும். இரவில் கழிப்பறைக்குச் செல்லும் வழியில் ஒரு சிறு விளக்கு எரியவேண்டும். லைன் வீடுகளின் உயர்ந்த வாசற்படியில் இடறி இடுப்பெலும்பு முறிந்தால், அதன்பின் எழுந்து நடப்பது அரிது.

உணவைப் பற்றி நாம் சற்று விரிவாகவே பேசவேண்டும். கோலார்ச் சீமைக்குப் பட்டு, பால், பொன் மூன்றும் சிறப்பு என்பர். பொன் போயிற்று, பாலும் கேழ்வரகும் இருக்கின்றன. வட ஆற்காட்டிலிருந்து சென்ற நம்மவருக்குக் கேழ்வரகுக் களி புதிதன்று. கன்னட நாட்டு முத்தையும் அதுவே. நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியில் அதில் சிறு பங்குகூட இல்லை. எலும்பு மெலியும் வயதில், அதிலும் மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு, இது பெரும் உதவி. ஆனால் சுரங்கத்தில் இறங்கியவன் உண்ட அளவு களியைத் திண்ணையில் அமர்ந்தவன் உண்டால் அது உடம்பில் கொழுப்பாகவே சேரும். களியின் உருண்டை சிறுக்கவேண்டும். பக்கத்தில் இருப்பது பெருக்கவேண்டும். தசையை வளர்ப்பது புரதம். வயது ஏற ஏற உணவின் மொத்தத் தேவை குறைந்தாலும் புரதத் தேவை குறைவதில்லை. சற்றுக் கூடவே செய்கிறது. உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் வேண்டும் என்பது இக்கால அறிஞர் பலரின் கருத்து. ஐம்பது கிலோ எடையுள்ள மூதாட்டிக்கு ஐம்பது கிராம். இரண்டு முட்டையில் பன்னிரண்டு கிராம் அளவு. ஒரு தம்ளர் பாலில் ஆறு ஏழு. ஐம்பது கிராம் கொள்ளில் பதினொன்று. கொள்ளுச்சாறும், பனிக்காலத்து அவரைக்கொட்டைக் குழம்பும், கீரையும், இயன்றபோது மீனும் சேர்ந்தால் கணக்கு நிறைந்துவிடும். வீட்டில் எல்லோரும் உண்டு மிஞ்சியதைத் தாய்மார் உண்ணும் வழக்கத்தை மட்டும் நாம் நிறுத்தியாகவேண்டும். அவர்கள் தட்டில் களியும் நீர்த்த குழம்புமே விழுகின்றன, முட்டை விழுவதில்லை. சிறுநீரக நோய் உள்ளவர்கள் புரத அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவேண்டும்.

உப்பும் சுரங்கக் காலத்து வழக்கந்தான். கடும் வெப்பத்தில் வியர்வையாய்ச் சிந்தியவனுக்கு உப்புத் தேவைப்பட்டது. கருவாடும் ஊறுகாயும் நாவுக்கு மட்டுமல்ல, உடலுக்கும் வேண்டியிருந்தன. வியர்வை நின்றது, நாக்கு மாறவில்லை. நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் உப்பை அடக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது மருந்துக்கு நிகரானது.

தண்ணீரிலும் ஒரு செய்தி உண்டு. கோலார் மாவட்டத்து ஆழ்கிணறுகள் பலவற்றில் ஃபுளோரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நீரைப் பல ஆண்டுகள் பருகினால் பல்லில் கறை படிவதோடு, மூட்டும் முதுகும் இறுகிப்போகும். "வாதம்" என்று முதியோர் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பது சில வேளைகளில் தண்ணீரின் குற்றமாக இருக்கலாம். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. நீர் சுண்டுவதால் செறிவு கூடவே கூடும். உங்கள் கிணற்று நீரை அரசாங்கப் பரிசோதனைக்கூடத்தில் ஒருமுறை காட்டிவிடுவது நன்று.

பீடியைப் பற்றி நீண்ட உபதேசம் செய்ய நாம் விரும்பவில்லை. புகைப்பவர்க்கே அதன் தீமை நன்கு தெரியும். அவர்கள் சொல்லும் ஒரு சமாதானத்துக்கு மட்டும் விடை கூறுவோம். "இத்தனை வயதுக்குமேல் விட்டு என்ன பயன்?" என்கின்றனர். பிரிட்டனில் மருத்துவர்களையே ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2004இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, அறுபது வயதில் புகையை விட்டவர்களும் ஏறத்தாழ மூன்று ஆண்டு ஆயுளைத் திரும்பப் பெற்றனர். தூசி வடுப்படுத்திய நுரையீரலுக்கு இது இன்னும் பொருந்தும். ஆண்கள் பீடியினால் பெற்றதைப் பெண்கள் விறகடுப்பின் முன் அமர்ந்து பெற்றனர். சமையலறையில் புகை போகும் வழி இருக்கிறதா என்று பார்ப்பது மகன் கடமை.

இரவு ஷிப்டு பார்த்துப் பழகிய உடலுக்கு உறக்கம் சரியாக அமைவதில்லை. பகலில் அரைமணிக்குமேல் உறங்காமல், காலை வெளிச்சத்தில் சிறிது நேரம் இருந்து, நாள்தோறும் ஒரே நேரத்தில் படுப்பதே இதற்கு வழி. நின்றுபோன சங்கை நம் வீட்டில் நாமே ஊதிக்கொள்வது போன்றது இது. தனிமையும் உடலைத் தின்னும். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃப்ஸிலும் அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக் கிளைகள் கூடிப் படித்த காலம் உண்டு. கோயில்களும் மாதாகோயில்களும் பந்தாட்ட மைதானங்களும் அவ்வூரில் குறைவில்லை. நாலுபேராகச் சேர்ந்து நடப்பவர்கள் நடையை எளிதில் விடுவதில்லை.

இறுதியாக, மருத்துவரிடம் செல்லும் முறை. சுரங்கம் நடந்தவரை சாம்பியன் ரீஃப்ஸில் இருந்த சுரங்க மருத்துவமனைக்குத் தொழிலாளியின் மார்பைப் பற்றி யாரும் எடுத்துச் சொல்லவேண்டியிருக்கவில்லை. இன்று நம் முதியோர் பெங்களூரிலோ ஹோசூரிலோ பம்பாயிலோ மகன் வீட்டருகே ஒரு மருத்துவரைப் பார்க்கின்றனர். அவர் கன்னடமோ இந்தியோ மராத்தியோ பேசுகிறார், சுரங்கத்தையே பார்த்ததில்லை. எக்ஸ்ரே படத்தில் சிலிக்கோசிஸின் நிழலும் காசநோயின் நிழலும் ஒன்றுபோலத் தோன்றக்கூடும். தொழில் என்னவென்று தெரியாதவர் ஒன்றை மற்றொன்றாகக் கொள்வது இயல்பே. அன்றியும் சிலிக்கோசிஸ் உள்ளவரைக் காசநோய் பற்றும் வாய்ப்புப் பல மடங்கு அதிகமாதலால், இரண்டும் ஒருங்கே இருப்பதும் உண்டு. இரண்டு வாரத்துக்குமேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைதல், சளியில் இரத்தம் இவற்றுள் எது கண்டாலும் அரசாங்க மருத்துவமனையில் சளியைச் சோதிக்கலாம்; சோதனையும் மருந்தும் இலவசம். ஆண்டுதோறும் இன்புளுயன்சா ஊசியும், நிமோனியாவுக்குரிய ஊசியும் போட்டுக்கொள்வது பற்றியும் கேட்டுக்கொள்ளலாம்.

மொழி தெரியாத ஊரில் வசிக்கும் நேயர்கள், படித்த பேரப்பிள்ளையைக் கொண்டு அவ்வூர் மொழியிலோ ஆங்கிலத்திலோ ஒரு தாளில் இவற்றை எழுதி வைத்துக்கொள்ளவேண்டும்: எந்தச் சுரங்கத்தில், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை வேலை, பாறை துளைக்கும் வேலையா, வெடிவைக்கும் வேலையா, கல் அள்ளும் வேலையா, மேலே ஆலையிலா, பீடி உண்டா, எத்தனை ஆண்டு, முன்பு காசநோய்க்கு மருந்து உண்டதுண்டா, இப்போது உண்ணும் மருந்துகள் எவை, எவ்வளவு தூரம் நடந்தால் மூச்சு வாங்குகிறது. கல்லுடைக்கும் தொழிலும் கட்டடத் தொழிலும் பளிங்கு அறுக்கும் தொழிலும் செய்தவர்களுக்கும் இத்தாள் வேண்டும். அவர்கள் உண்டதும் அதே தூசிதான். பழைய எக்ஸ்ரே படங்கள் இருந்தால் எறிந்துவிடாமல் அத்தாளோடு ஒரே உறையில் வைத்துக்கொள்ளுங்கள். புதிய படத்தைப் பழையதோடு ஒப்பிட்டால்தான் வடு வளர்ந்திருக்கிறதா, நின்றிருக்கிறதா என்பது மருத்துவருக்குத் தெரியும்.